படம் எடிட் பண்ண மாத வாடகை எதற்கு?

புதிதாகக் கமரா வாங்கின தம்பிமாரும் தங்கச்சிமாரும் எனக்கு அனுப்பும் செய்திகளில் பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "அண்ணன், எடிட் பண்ண எந்த சொப்ட்வெயார் நல்லம்?" அடுத்த வரியிலேயே, "போட்டோஷொப் கிராக் இருந்தா அனுப்புங்க" என்றும் வரும். தனித்தனியாகப் பதில் போடுவதைவிட இங்கே விரிவாக எழுதிவிடுகிறேன்.

இது கலியாண வீடு எடுத்துச் சம்பாதிக்கிறவர்களுக்கான பதிவு இல்லை. அவர்களுக்கு வேகம் வேண்டும், மாதக் காசும் தொழிற்செலவில் போய்விடும். வேலை முடிந்து பின்னேரம் மட்டக்களப்பின் கல்லடிப் பாலத்தடியில் கமராவோடு நிற்கிற, லீவு நாளில் உன்னிச்சைக் குளத்துக்கோ பறவைகளுக்குப் பேர்போன குமணாவுக்கோ போகிற, படத்தால் ஒரு சதமும் வராத எங்களைப் போன்றவர்களுக்காக எழுதுகிறேன்.

என் முடிவை முதலே சொல்லிவிடுகிறேன். நாங்கள் மாதாமாதம் டொலரில் காசு கட்டத் தேவையில்லை. கள்ளப் பிரதியும் தேவையில்லை. உங்கள் கமரா கம்பனி சும்மா தருகிற மென்பொருளில் தொடங்குங்கள். அது போதாது என்று தோன்றும் நாளில் டார்க்டேபிள் என்ற இலவச மென்பொருளுக்குப் போங்கள்.

காசுக் கணக்கைப் பார்ப்போம். ஒருமுறை காசு கொடுத்து வாங்கிச் சொந்தமாக வைத்திருக்கக்கூடியதாக இருந்த கடைசிப் போட்டோஷொப், 2012 இல் வந்த சிஎஸ்6. அதைச் செய்யும் கம்பனியான அடோபி 2013 இல் சந்தா முறைக்கு மாறியது. படங்களை அடுக்கி வைத்துத் திருத்துவதற்கான அவர்களின் இன்னொரு மென்பொருள் லைட்ரூம். அதன் 6ஆம் பதிப்பை மட்டும் அதற்குப் பிறகும் சில வருடம் தனியாக வாங்க முடிந்தது, பிறகு அதுவும் நின்றது. லைட்ரூமும் போட்டோஷொப்பும் சேர்ந்த மாதம் 10 டொலர் திட்டம் பல வருடம் ஓடியது. 2025 ஜனவரியில் அதைப் புதியவர்களுக்கு மூடிவிட்டார்கள். இப்போது இரண்டும் வேண்டுமென்றால் மாதம் 20 டொலர் அளவில், லைட்ரூம் மட்டும் என்றால் 12 டொலர் அளவில். டொலரை 300 ரூபா என்று வைத்தாலே 20 டொலர் மாதம் 6,000 ரூபா, வருடம் 72,000. அந்தக் காசுக்குப் பழைய லென்ஸ் ஒன்று வாங்கலாம், வாங்கினது உங்களிடமே இருக்கும்.

விலையைவிட எனக்குப் பயம் டொலரில்தான். 2022 தொடக்கத்தில் 200 ரூபா அளவில் நின்ற டொலர் அந்த வருடம் மே மாதத்தில் 360 ரூபா அளவுக்குப் போனது. அமெரிக்காவில் விலை ஒரு சதம் கூடாமலே எங்கள் பில் இரட்டிப்புக்குக் கிட்டப் போய்விட்டது. மாஓயாவில் இருக்கிற ஆசிரியரோ, கல்முனையில் கடை வைத்திருப்பவரோ தன் பொழுதுபோக்கை அப்படியொரு கயிற்றில் கட்டி வைக்கக் கூடாது. சந்தாவை நிறுத்தினால் லைட்ரூம் கிளாசிக்கில் படங்களைப் பார்க்கலாம், வெளியே எடுக்கலாம். ஆனால் எடிட் பண்ணுகிற டிவெலப் பகுதி பூட்டிக்கொள்ளும். நீங்கள் வருடக்கணக்காகச் செய்த எடிட்டை அங்கே நுணுக்கமாகத் திருத்தத் திரும்பக் காசு கட்ட வேண்டும்.

சரி, அடுத்தது எனக்கு முக்கியமான இடம். போட்டோஷொப் கேட்கிற பலருக்கு உண்மையில் வேண்டியது போட்டோஷொப் இல்லை. ஆளை வெட்டி இன்னொரு இடத்தில் ஒட்டுவது, போஸ்டர் அடிப்பது, எழுத்துப் போடுவது அதன் வேலை. வாவியில் பொழுது படும் நேரம் எடுத்த படத்தில் வானம் வெளுத்திருக்கிறது, தோணியில் நிற்கிறவர் கறுத்துப் போயிருக்கிறார், இரண்டையும் சரிக்கட்ட வேண்டும் என்பது வேறு வேலை. முந்தி ஸ்டூடியோக்காரர் இருட்டறையில் பிலிம் கழுவினதைப் போல, கமரா பிடித்த வெளிச்சத்தை அப்படியே வைத்திருக்கிற மூலப் பைலை, அதாவது ரோ பைலை, கழுவி எடுக்கிற மென்பொருள்தான் அதற்கு வேண்டும்.

ஆகவே முதலில் கமராவில் ரோவை ஓன் பண்ணுங்கள். ஜேபெக் படத்தில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகள்தான் உண்டு. 12 பிட் ரோவில் 4,096 படிகள், 14 பிட்டில் 16,384. செகண்ட்ஹாண்டில் கிடைக்கிற பழைய நிக்கோன் டி3200 கூட 12 பிட் ரோ எடுக்கும், கெனன் 700டி 14 பிட் எடுக்கும். எங்கள் ஊர் வெளிச்சம் லேசானது இல்லை. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, காலையில் கடலில் உதித்துப் பின்னேரம் வாவிப் பக்கம் விழுகிற சூரியன், நடுவில் கண்ணைக் கூசவைக்கிற வெள்ளை மணல். பாசிக்குடாக் கடற்கரையில் பத்து மணிக்குப் பிறகு எடுத்த ஜேபெக்கில் நிழலைத் தூக்கிப் பாருங்கள், நிறம் பிசிறிக்கொண்டு வரும். அதே காட்சியை ரோவில் எடுத்திருந்தால் நிழலுக்குள் இருக்கும் வலைக்காரரின் முகம் அப்படியே எழும்பி வரும். ஒன்று மட்டும் கவனம்: முழுக்க வெளுத்துப்போன இடத்திலிருந்து எந்த மென்பொருளாலும் ஒன்றையும் மீட்க முடியாது. எடுக்கும்போதே கொஞ்சம் இருட்டாக எடுங்கள்.

இனி கமராக் கம்பனிகளின் மென்பொருள். இவற்றை ஏன் ஒருவரும் கணக்கில் எடுப்பதில்லை என்று எனக்கு விளங்குவதே இல்லை. கெனனுக்கு டிஜிட்டல் போட்டோ ப்ரொபெஷனல், நிக்கோனுக்கு 2021 இல் வந்த என்எக்ஸ் ஸ்டூடியோ, சோனிக்கு இமேஜிங் எட்ஜ். மூன்றும் இலவசம். உங்கள் கமராவின் பின்திரையில் பார்த்த அதே நிறத்தோடு ரோ பைல் திறக்கும் என்பது புதியவருக்குப் பெரிய நிம்மதி. வெளி மென்பொருளில் ரோவைத் திறந்தவுடன் படம் மங்கலாகத் தெரிகிறதே என்று பலர் பயந்துவிடுகிறார்கள். கெனன் மென்பொருளைப் பதிவிறக்கும்போது சீரியல் இலக்கம் கேட்டால் கமராவின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். நிக்கோனில் ஒரு புள்ளியை வைத்து அந்த இடத்தை மட்டும் வெளிச்சமாக்கவும் வசதி இருக்கிறது. மெதுவாகத்தான் ஓடும், உண்மை. ஆனால் வெளிச்சம், வைட் பலன்ஸ், நிழல், கூர்மை ஆகிய நான்கையும் ஒழுங்காகக் கற்றுக்கொள்ள இதுவே போதும்.

அதற்குப் பிறகு டார்க்டேபிள். 2009 முதல் இருக்கிறது. திறந்த மூல மென்பொருள், தன்னார்வலர்கள் செய்கிறார்கள். விண்டோஸ் ஆட்களுக்கு 2017 டிசம்பரில்தான் முறையாக வந்தது. பெரும்பாலும் ஜூனிலும் டிசம்பரிலும் புதிய பதிப்பு வரும். எந்தக் கமராவின் ரோ என்றாலும் அநேகமாகத் திறக்கும். மூலப் பைலில் கைவைக்காது. நீங்கள் செய்த எடிட் முழுவதையும் பக்கத்திலேயே எக்ஸ்எம்பி என்ற சின்னப் பைலில் எழுதி வைக்கும். நாளைக்கு லப்டொப் மாறினாலும் அந்த இரண்டு பைலையும் கொண்டுபோனால் எடிட் கூடவே வந்துவிடும்.

திறந்து பார்த்தவுடன் தலை சுற்றும் என்று சொல்வார்கள். சுற்றத்தான் செய்யும், ஒவ்வொரு வேலைக்கும் ஒரு கருவிப் பெட்டி என்று அவ்வளவு மொடியூல்கள். எல்லாவற்றையும் தொடாதீர்கள். எக்ஸ்போஷரில் முகத்தின் வெளிச்சத்தைச் சரிசெய்யுங்கள். கலர் கலிபிரேஷனில் நிறத்தைச் சரிசெய்யுங்கள். வானத்தையும் நிழலையும் தனித்தனியாக ஏற்றி இறக்க டோன் ஈக்குவலைசர். மொத்த வெளிச்சத்தையும் திரைக்கு அடக்கித் தருவதற்கு சிக்மொய்ட். லென்ஸ் வளைவுக்கு லென்ஸ் கரெக்ஷன். இதற்குள்ளேயே என் படங்களில் பெரும்பகுதி முடிந்துவிடுகிறது. லப்டொப்பில் 8 ஜிபி ரேமாவது இருக்கட்டும், கிராபிக்ஸ் கார்ட் இருந்தால் நன்றாக வேகம் கூடும். லப்டொப் பழையது, டார்க்டேபிள் இழுக்கிறது என்றால் ரோதெரப்பியைப் போட்டுப் பாருங்கள். அதுவும் இலவசம், நுணுக்கமான கூர்மைக்கு நல்ல பேர்.

டார்க்டேபிளின் அருமை எனக்கு விளங்கியது கூத்துப் படங்களில்தான். வட்டமான மேடையான வட்டக்களரியில் விடிய விடிய ஆடும் வடமோடிக் கூத்துக்கு இப்போது அடிக்கிற வெளிச்சம் எல்ஈடி. ஒரு பக்கம் நீலம், ஒரு பக்கம் ஊதா, நடுவில் மஞ்சள் பல்ப் ஒன்று. கமராவுக்கு நீலம் நிரம்பி வழிந்து, கண்ணாடி பதித்த உடுப்பின் வேலைப்பாடெல்லாம் ஒரே நீலத் திட்டாகிவிடும். கலர் கலிபிரேஷனில் அந்த நீலத்தை அடக்க ஒரு கட்டுப்பாடு உண்டு. அதே மொடியூலை இரண்டு தரம் போட்டு, வேண்டிய இடத்தை மட்டும் பிரித்துக் காட்டும் மாஸ்க் வைத்து, மஞ்சள் விழுந்த முகத்தை ஒரு மாதிரியும் நீலம் விழுந்த உடுப்பை இன்னொரு மாதிரியும் திருத்தலாம். கண்ணகி அம்மன் சடங்கில் எடுக்கிற படங்களுக்கும் இதுதான் வழி. காசு கட்டுகிற மென்பொருளிலும் இது முடியும், மறுக்கவில்லை. இலவசமாக இவ்வளவு ஆழம் கிடைக்கிறது என்றுதான் சொல்கிறேன்.

இந்த இடத்தில் மனதில் கிடக்கிற ஒரு விஷயத்தையும் சொல்ல வேண்டும். எங்கள் ஆட்களின் தோலை வெளுக்கவைக்கிற எடிட்டை நிறுத்துங்கள். வெயிலில் வாழ்ந்த ஒரு வயல்காரரின் முகத்தை எடுத்துவிட்டு, அதை மெழுகு பூசி, இரண்டு மடங்கு வெளுப்பாக்கி, "லைட்ரூம் ப்ரீசெட்" என்று போடுவதைப் பார்க்க எனக்கு மெய்யாகவே கவலை. காசுக்கு விற்கிற ப்ரீசெட்டுகளில், அதாவது முன்கூட்டியே செய்து வைத்த எடிட் அமைப்புகளில், பல வேறு ஊர் வெளிச்சத்துக்கும் வேறு தோலுக்கும் செய்தவை. கறுப்பில் எத்தனை செம்பு, எத்தனை பொன் இருக்கிறது என்பதை ரோ பைல் வைத்திருக்கிறது. அதை வெளியே கொண்டுவருகிற வேலையை நீங்களே கையால் செய்யப் பழகுங்கள். ப்ரீசெட்டுக்குக் காசு கொடுக்காதீர்கள்.

லைட்ரூமுக்கு நியாயமும் சொல்ல வேண்டும். 2023 இல் வந்த, இருட்டில் எடுத்த படத்தின் புள்ளிப் பிசிறை நீக்குகிற அதன் ஏஐ டினொய்ஸுக்கு ஈடாக டார்க்டேபிளில் ஒன்று இருப்பதாக நான் சொல்ல மாட்டேன். குமணாவில் விடிய முந்தி, ஐஎஸ்ஓ 6400 இல் கூழைக்கடா எடுக்கிறவருக்கு அந்த வித்தியாசம் தெரியும். ஆளையோ பறவையையோ தானாகப் பிரித்தெடுக்கிற மாஸ்க்கும் அப்படித்தான். பறவைதான் உங்கள் உயிர், வருடம் முழுக்க அதையே எடுக்கிறீர்கள் என்றால் மாதத் திட்டம் கிடைத்தால் ஒரு மாதம் சந்தா கட்டி, சேர்ந்த படங்களை முடித்துவிட்டு நிறுத்தலாம். கட்டுவதற்கு முன்னர் அது மாதத் திட்டமா, வருட ஒப்பந்தமா என்று நன்றாக வாசியுங்கள். வருட ஒப்பந்தத்தை இடையில் நிறுத்தினால் தண்டம் வரும்.

வெட்டி ஒட்டுகிற வேலை வந்தால் அதற்கும் இலவச வழி இருக்கிறது. கிம்ப் 2025 மார்ச்சில் 3.0 ஆகிவிட்டது, முந்திய கிம்ப்பைப் பார்த்து வெறுத்தவர்கள் திரும்ப ஒருமுறை பாருங்கள். பிரவுசரில் திறக்கிற போட்டோபீ, போட்டோஷொப்பின் பிஎஸ்டி பைலையும் திறக்கும். போட்டோஷொப்புக்கு மாற்றான அபினிட்டியை 2024 இல் கன்வா கம்பனி வாங்கியது, 2025 ஒக்டோபரில் இலவசமாக்கியது. மிக நல்ல மென்பொருள், நானும் வைத்திருக்கிறேன். ஆனால் கம்பனி ஒன்று இன்று இலவசமாகத் தருவது நாளையும் அப்படியே இருக்கும் என்று நம்பி, என் படங்கள் எல்லாவற்றையும் அதற்குள் வைக்க மாட்டேன். போனில் ஸ்னாப்சீட் ஆப் போதும், அதற்கு மேல் தேட வேண்டாம்.

இனி கிராக். "முதல்ல கிராக் போட்டுப் பழகுவம் அண்ணன், மறுகா வாங்குவம்" என்று சொல்கிறவர்களில் வாங்கியவரை நான் கண்டதில்லை. களவு என்பதை நீங்கள் அறிவீர்கள், அதில் நான் பிரசங்கம் செய்யவில்லை. நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் கூட்டாளி ஒருவர் கிராக் கோப்பை ஓடவிட்ட அன்றே லப்டொப்பில் இருந்த ஒவ்வொரு படத்தின் பெயருக்குப் பின்னாலும் புதிதாக நாலு எழுத்து ஒட்டிக்கொண்டது. ஒன்றும் திறக்கவில்லை. காசு கேட்டு ஒரு கடிதம் மட்டும் கிடந்தது. இந்த வகை மால்வெயார் கிராக் கோப்புகளுக்குள் ஒளிந்துதான் அதிகம் பரவுகிறது. கொக்கட்டிச்சோலைத் தேரோட்டத்தில் அவர் பல வருடமாக எடுத்த படங்கள் போயே போய்விட்டன. அந்தத் தேரின் வடம் பிடித்தவர்களில் சிலர் இன்று உயிரோடு இல்லை. அந்த முகங்களை எந்தக் காசுக்கும் திரும்ப எடுக்க முடியாது. டார்க்டேபிளும் கமராக் கம்பனி மென்பொருளும் இருக்கும்போது இந்த ஆபத்தை எதற்கு எடுக்க வேண்டும்? மிச்சம் பிடித்த காசில் வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்று வாங்குங்கள். படம் ஏற்றும் நேரம் தவிர மற்ற நேரம் அதைக் கழற்றியே வையுங்கள்.

டார்க்டேபிளைப் போட்டுவிட்டு எங்கே தொடங்குவது என்று தெரியாமல் இருந்தால், உங்கள் ரோ பைல் ஒன்றை எனக்கு வட்ஸப்பில் டொக்கியுமென்டாக அனுப்புங்கள். படமாக அனுப்பினால் சுருக்கிவிடும். நான் எடிட் பண்ணி எக்ஸ்எம்பி பைலை மட்டும் திருப்பி அனுப்புகிறேன், அதன் அளவு சில கிலோபைட்தான், டேட்டா போகாது. டார்க்டேபிளில் உங்கள் ரோ படத்தைத் தெரிவுசெய்து, ஹிஸ்டரி ஸ்டாக் பகுதியில் உள்ள 'லோட் சைட்கார் பைல்' மூலம் அதை ஏற்றிவிட்டுப் படத்தைத் திறந்தால் நான் என்ன செய்தேன் என்பது ஒவ்வொரு படியாக ஹிஸ்டரியில் தெரியும். விருப்பமில்லாத படியை நிறுத்திவிட்டு உங்கள் கண்ணுக்குப் பட்டபடி மாற்றிக்கொள்ளலாம். கூத்துப் படம் வைத்திருப்பவர்கள் முதலில் அனுப்புங்கள்.