ரா, ஐபியைக் கண்காணிக்க நாடாளுமன்றக் குழு இருக்கிறதா?

ரா இந்தியாவின் வெளிநாட்டு உளவு அமைப்பு, ஐபி உள்நாட்டு உளவு அமைப்பு. "ரா, ஐபி இரண்டையும் எம்பிக்கள் குழு ஒன்று கண்காணிக்கிறது, அதனால் கவலை வேண்டாம்" என்று ஒரு தகவல் சுற்றுகிறது. இது தவறு. உளவு அமைப்புகளைக் கண்காணிப்பதற்கென்று இந்திய நாடாளுமன்றத்தில் எந்தக் குழுவும் இல்லை.

குழப்பம் எங்கிருந்து வந்திருக்கலாம்? ஐபி உள்துறை அமைச்சகத்தின் கீழ் வருகிறது. அந்த அமைச்சகத்தின் மானியக் கோரிக்கைகளை, அதாவது செலவுக்கு நிதி கேட்கும் கோரிக்கைகளை, நாடாளுமன்றத்தின் உள்துறை நிலைக்குழு பரிசீலிக்கும். ஆனால் நிதியைப் பார்ப்பது வேறு. யாரை, ஏன், எந்த அதிகாரத்தில் வேவு பார்த்தார்கள் என்று கேட்பது வேறு. 1968இல் தொடங்கிய ரா, அமைச்சரவைச் செயலகத்தின் கீழ் இருக்கிறது. அதை உருவாக்கியதும் நாடாளுமன்றச் சட்டம் அல்ல, அரசின் நிர்வாக ஆணைதான்.

இந்தக் குறையைச் சரிசெய்ய, 2011இல் காங்கிரஸ் எம்பி மணீஷ் திவாரி மக்களவையில் தனிநபர் மசோதா (அமைச்சர் அல்லாத எம்பி கொண்டுவரும் மசோதா) கொண்டுவந்தார். நாடாளுமன்றக் கண்காணிப்புக் குழு அமைக்கும் யோசனையும் அதில் இருந்தது. அது சட்டமாகவில்லை. ஒரு நல்ல வாய்ப்பு நழுவியது என்றே நினைக்கிறேன்.

சரி, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கலாமே? அந்தச் சட்டத்தின் 24ஆம் பிரிவு ரா, ஐபி போன்ற அமைப்புகளுக்கு விலக்கு தருகிறது. ஊழல், மனித உரிமை மீறல் புகார்கள் தொடர்பான தகவலுக்கு மட்டும் அந்த விலக்கு பொருந்தாது.

ரகசியம் காக்க வேண்டிய துறை என்பதால் இப்படித்தான் இருக்க முடியும் என்பதும் சரியல்ல. அமெரிக்க செனட் 1976இலேயே இதற்கெனக் குழு அமைத்தது. பிரிட்டனில் 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி எம்பிக்கள் குழு வந்தது. 2013இல் அதன் அதிகாரம் மேலும் கூடியது.