லோக்சபால பாஸ் ஆனா மட்டும் சட்டம் ஆயிடாது

லோக்சபால பாஸ் ஆயிடுச்சு, நாளைலேந்து இதான் சட்டம், ராஜ்யசபா ஜனாதிபதி எல்லாம் சும்மா ஃபார்மாலிட்டின்னு மேல போட்டிருக்கீங்களே ப்ரோ, அது தப்பு. நீங்க சொல்றது மணி பில்லுக்கு (வரி, அரசு செலவு மாதிரி பண விஷயம் மட்டும் இருக்கற மசோதா) வேணா ஓரளவு பொருந்தும், அதை ராஜ்யசபா 14 நாளுக்குள்ள திருப்பி அனுப்பணும், அவங்க சொல்ற திருத்தத்த லோக்சபா ஏத்துக்கணும்னு கட்டாயம் இல்ல. மத்தபடி ரெண்டு சபையும் பாஸ் பண்ணணும், முட்டிக்கிட்டா கூட்டுக் கூட்டம்னு ஒரு வழி இருக்கு, ஆனா அது ரொம்ப அபூர்வம். முத்தலாக் மசோதாவையே பாருங்க, 2017 டிசம்பர்ல லோக்சபா பாஸ் பண்ணிடுச்சு, ராஜ்யசபால போய் மாட்டிக்கிச்சு, 2019ல லோக்சபா கலைஞ்சதும் காலாவதியாகி, அப்புறம் புதுசா கொண்டு வந்து அந்த ஜூலைலதான் ரெண்டு சபையிலயும் பாஸ் ஆச்சு.

ஜனாதிபதி கையெழுத்தும் சும்மா இல்லைங்க. 1986ல தபால் சட்டத் திருத்த மசோதா ரெண்டு சபையும் தாண்டி வந்தும் அப்போ ஜனாதிபதியா இருந்த ஜெயில் சிங் கையெழுத்து போடாமலே வச்சுட்டாரு, இத்தனை நாளுக்குள்ள போடணும்னு அரசியலமைப்போட 111வது பிரிவுல கெடு எதுவும் கிடையாது (எனக்கென்னவோ அது பெரிய ஓட்டைன்னுதான் தோணுது). கையெழுத்து ஆனாலும் பல சட்டத்துக்கு அமலுக்கு வர்ற தேதிய அரசு தனியா கெஸட்ல போடணும். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 ஆகஸ்ட்லயே ஒப்புதல் வாங்கிடுச்சு, ஆனா 2020 ஜூலைலதான் அமலுக்கு வந்துச்சு.