கட்டட விதிகள் எழுதப்படும்போது கட்டடக் கலைஞர்கள் எங்கே?

விதிமீறிக் கட்டிய கட்டடங்களைக் கட்டணம் வாங்கிக்கொண்டு வரன்முறைப்படுத்தும் ஏற்பாடு, 1998-ல் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டத்தில் 113ஏ என்ற பிரிவாக நுழைந்தது. இந்த ஒரு முறை மட்டும்தான் என்றார்கள். பிறகு 2000, 2001, 2002 என்று காலக்கெடு நீண்டுகொண்டே போனது. 2006-ல் சென்னை உயர் நீதிமன்றம் முதல் சலுகையை மட்டும் ஏற்றுக்கொண்டு, பிந்தைய நீட்டிப்புகள் செல்லாது என்றது. அதோடு முடிந்ததா? 2012-ல் 113சி வந்தது. 2007 ஜூலை 1-க்கு முன்பு கட்டியிருந்தால் போதும், மறுபடியும் கதவு திறந்தது.

நான் சொல்ல வருவது வேறு. இந்தச் சலுகைகளை எதிர்த்த வழக்கை ஆண்டுக்கணக்கில் முன்னின்று நடத்தியது சென்னையில் உள்ள ஒரு நுகர்வோர் அமைப்பு. பக்கவாட்டில் எத்தனை அடி விட வேண்டும், தீயணைப்பு வண்டி எப்படித் திரும்பும், படிக்கட்டு எத்தனை அகலம் இருக்க வேண்டும் என்பதையெல்லாம் ஐந்தாண்டு கல்லூரியில் படித்துவிட்டு வந்த கட்டடக் கலைஞர்களாகிய நாம், ஒரு தொழிலாக அந்த வழக்கின் முன்வரிசையில் நிற்கவில்லை. இது எனக்கு இன்றும் வலிக்கிறது.

மெரினாவை எடுத்துக்கொள்ளுங்கள். சக்கர நாற்காலியில் இருப்பவர்களும் கடல் அலையைக் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும் என்று விடாமல் கேட்டவர்கள் மாற்றுத்திறனாளிகள். மனு கொடுத்தார்கள், ஆண்டுதோறும் சில நாட்களுக்குத் தற்காலிகப் பாதை போட வைத்தார்கள், கடைசியில் 2022 நவம்பரில் நிரந்தர மரப்பாதை திறக்கப்பட்டது. சில நாட்களிலேயே மாண்டஸ் புயலில் அது சேதமடைந்தது, பிறகு சரிசெய்தார்கள். சரிவுப் பாதையின் சாய்வு என்ன, கைப்பிடி எந்த உயரம், சக்கரம் எங்கே சிக்கும் என்பது நம் அன்றாட வேலை. அதைப் பொது இடத்தில் உரிமையாகக் கேட்டு வாங்கியவர்களோ அந்தப் பாதை இல்லாமல் தவித்தவர்கள்.

2020 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், 1972-ஆம் ஆண்டின் கட்டடக் கலைஞர்கள் சட்டம் நம் பட்டப் பெயரைத்தான் காக்கிறது, வடிவமைப்பு வேலையை மற்றவர்கள் செய்வதை அது தடுக்கவில்லை என்று தீர்ப்பளித்தது. அன்று நம் வாட்ஸ்அப் குழுக்கள் எப்படிக் கொதித்தன என்பது நினைவிருக்கும். அந்தக் கோபம் நியாயமானது. அதில் பாதியாவது, ஒரு சதுப்பு நிலம் மனைப் பிரிவாக மாறும்போதும் நமக்கு வர வேண்டும்.

ஏன் வருவதில்லை என்பது எல்லோருக்கும் தெரியும், யாரும் எழுதுவதில்லை. நம் கோப்பு உள்ளே இருக்கிறது. திங்கட்கிழமை திட்ட அனுமதிக்காக எந்த மேசையின் முன்னால் நிற்க வேண்டுமோ, அந்த மேசையிலிருந்து வந்த வரைவு விதியை ஞாயிற்றுக்கிழமை எதிர்த்து எழுத யாருக்குத் துணிச்சல் வரும்? வாடிக்கையாளர் கடன் வாங்கிக் கட்டுகிறார். ஒரு மாதம் தாமதமானால் வட்டி ஏறுகிறது. அவரைப் பணயம் வைத்து நான் கொள்கை பேச முடியுமா என்று ஒரு நண்பர் கேட்டார். கேட்டதில் நேர்மை இருக்கிறது. சிறிய அலுவலகம் நடத்தும் ஒருவரிடம் தனியாளாக வீரம் காட்டச் சொல்வது அநியாயம்.

அதனால்தான் இது நம் தொழில் சங்கங்களின் வேலை என்கிறேன். கையெழுத்து ஒருவருடையதாக இருந்தால் பழிவாங்கலாம். ஊர்க் கிளையின் தீர்மானமாகப் போனால் அவ்வளவு எளிதாக முடியாது. கட்டடக்கலைக் கல்லூரி ஆசிரியர்கள் பலருக்கு எந்த அலுவலகத்திலும் கோப்பு கிடையாது. அவர்கள் ஏன் பேசக் கூடாது? வரைவு விதி ஒன்றை எடுத்து, அதன்படி ஒரு தெரு பத்தாண்டுகளில் எப்படி மாறும் என்று மாணவர்களை வரையச் சொன்னால், அது ஒரு பருவத்துக்கான அருமையான பயிற்சி. அதே வரைபடம் ஆட்சேபனைக் கடிதத்தின் இணைப்பாகவும் போகும்.

1960-களின் நடுவில் கட்டடக் கலைஞர்கள் சார்லஸ் கொரியா, பிரவீணா மேத்தா, பொறியாளர் ஷிரிஷ் படேல் ஆகிய மூவரும் செய்தது இதைத்தான். மும்பை வடக்கே மட்டும் நீண்டுகொண்டு போவதற்கு மாற்றாக, வளைகுடாவின் மறுகரையில் புதிய நகரம் அமைக்கலாம் என்று வரைந்து 'மார்க்' என்ற கலை இதழில் வெளியிட்டார்கள். அரசு அவர்களைக் கேட்கவில்லை, கட்டணமும் தரவில்லை. நகருக்கான அதிகாரபூர்வத் திட்டத்துக்கு எதிராக மாற்றுத் திட்டத்தை முன்வைத்து, அதற்காக விடாமல் வாதாடினார்கள். 1970-ல் அந்தப் புதிய நகரை அமைக்க மகாராஷ்டிர அரசின் சிட்கோ நிறுவனம் தொடங்கப்பட்டது. நவி மும்பை பிறந்தது. அந்த நகரம் அவர்கள் நினைத்தபடி அமையவில்லை என்பது தனி விவாதம். மாநிலத்தின் முடிவை ஒரு வரைபடம் மாற்றியது என்பது மட்டும் உறுதி.

அவ்வளவு பெரிதாகத் தொடங்க வேண்டும் என்றில்லை. தமிழ்நாட்டில் 2022 நவம்பர் 1 முதல் நகரங்களிலும், வார்டின் ஒவ்வொரு பகுதி மக்களும் கூடிக் குறைகளைப் பேசும் பகுதி சபைகள் கூடுகின்றன. எங்கள் வார்டில் ஒரு கூட்டத்தில் ஓர் அம்மா எழுந்து, மழை வந்தால் வீட்டுக்குள் தண்ணீர் வருகிறது என்றார். கால்வாய் அடைத்திருக்கும், தூர்வாரச் சொல்கிறோம் என்று பதில் வந்தது. அவர் உட்காரவில்லை. "முன்பு இரண்டு படி ஏறித்தான் வீட்டுக்குள் போவோம், இப்போது ஒரு படி இறங்கிப் போகிறோம்" என்றார். அந்த ஒரு வாக்கியத்தில் எல்லாம் இருந்தது. பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டுத் தெருவை உயர்த்தியிருக்கிறார்கள். கால்வாயை எத்தனை முறை தூர்வாரினாலும் அவர் வீட்டுக்குத் தண்ணீர் வரத்தான் செய்யும்.

மறுநாள் தெரிந்த கொத்தனார் ஒருவரை அழைத்துக்கொண்டு போனேன். அவரிடம் இருந்த, மட்டம் பார்க்கும் ஒளிபுகும் குழாயான டியூப் லெவலில் தண்ணீர் நிரப்பி, ஒரு முனையைத் தெருவின் நடுவிலும் மறு முனையை அந்த அம்மாவின் வாசலிலும் பிடித்தோம். குமிழி இல்லாமல் தண்ணீர் அடங்கும்வரை காத்திருந்து, சுவரில் சாக்பீஸால் கோடு போட்டோம். பிறகு அடுத்த வீடு, அதற்கடுத்த வீடு. தெருவின் மட்டம் எல்லா வாசற்படிக்கும் மேலே ஓடியது. கவுன்சிலர் வந்து பார்த்தார், பொறியாளரையும் வரவழைத்தார். அந்தக் கோட்டைப் பார்த்த பிறகு யாரும் கால்வாய் அடைப்பைப் பற்றிப் பேசவில்லை. பழைய சாலையைச் சுரண்டி எடுத்த பிறகே புதிதாகப் போட வேண்டும் என்று 2021 மே மாதமே தலைமைச் செயலாளர் அறிவுறுத்தியிருந்தார். அதை மேற்கோள் காட்டித் தெருக்காரர்கள் மனு எழுதினார்கள். அடுத்த முறை அங்கே சுரண்டிவிட்டுத்தான் தார் போட்டார்கள்.

அந்த அம்மாவுக்குப் பிரச்சினை தெரிந்திருந்தது. அதை அதிகாரியின் மொழியில் சொல்ல ஓர் ஆள் தேவைப்பட்டது. நம்மால் ஊருக்குச் செய்ய முடிவதில் பெரும்பகுதி இதுதான்.

எந்த நிலத்தை எதற்குப் பயன்படுத்தலாம் என்று வகுக்கும் சென்னையின் இரண்டாவது முழுமைத் திட்டம் 2008-ல் ஒப்புதல் பெற்றது. அதன் இலக்கு ஆண்டு 2026. அடுத்த இருபதாண்டுகளுக்கான மூன்றாவது திட்டம் அதன் இடத்துக்கு வர வேண்டும். அதற்கிடையில், 1,189 சதுர கிலோமீட்டராக இருந்த பெருநகரப் பகுதியை 5,904 சதுர கிலோமீட்டராக விரிவாக்க 2022-ல் அரசாணையும் வந்தது. எத்தனை ஏரி, எத்தனை வயல், எத்தனை மேய்ச்சல் நிலம் அதற்குள் இருக்கிறது! பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் சுமார் 1,248 ஹெக்டேர்தான், ஈரநிலங்களுக்கான சர்வதேச ஒப்பந்தமான ராம்சரின் பாதுகாப்பைப் பெற்றிருக்கிறது. ஒரு காலத்தில் அதைப்போல் பல மடங்கு பரந்திருந்த சதுப்பு அது. மீதி எங்கே போனது என்பதை 2015 டிசம்பர் வெள்ளம் காட்டிவிட்டது. அந்த மீதி நிலத்தின் மேல் நிற்கும் கட்டடங்களுக்கும் யாரோ வரைபடம் போட்டார்கள்.

நில வகைப்பாட்டை மாற்றும் அறிவிப்பு நாளிதழின் உள்பக்கத்தில் பொடி எழுத்தில் வரும். சர்வே எண், கிராமத்தின் பெயர், எந்த உபயோகத்திலிருந்து எந்த உபயோகத்துக்கு, ஆட்சேபனை தெரிவிக்கக் கெடு. அந்த சர்வே எண்ணுக்குப் பக்கத்தில் குடியிருப்பவருக்குக்கூட அது தன் தெருவைப் பற்றியது என்று புரியாது. நமக்குப் புரியும். அதை எடுத்து, வரைபடத்தில் குறித்து, தமிழில் நான்கு வரி எழுதி அந்த ஊர்த் தேநீர்க் கடையில் ஒட்ட ஒரு மாலை நேரம் போதும்.

ஒன்றை மட்டும் ஒளிவுமறைவில்லாமல் வைத்துக்கொள்ள வேண்டும். 2019-ல் வந்த ஒருங்கிணைந்த கட்டட விதிகள், மனையின் பரப்பைப்போல் எத்தனை மடங்கு தளம் கட்டலாம் என்று சொல்லும் தளப்பரப்புக் குறியீட்டை உயர்த்தின. குறியீடு உயர்ந்தால் நில உரிமையாளருக்கும் கட்டுநருக்கும் லாபம், நமக்கும் கட்டணம் கூடும். அதைக் கேட்பதில் தவறில்லை. ஆனால் கட்டுநரின் கோரிக்கையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டு, மக்கள் நலனுக்காகப் பேசினோம் என்று சொல்லக் கூடாது. எந்தக் கூட்டத்தில் பேசினாலும் முதல் வரியில் யாருக்காகப் பேசுகிறோம், நமக்கு அதில் என்ன ஆதாயம் என்று சொல்லிவிட வேண்டும். கட்சி சார்பு இருந்தால் அதையும் சொல்லலாம். கட்டடக் கலைஞர் அரசியல் பேசினால் தொழில் கெடும் என்று பயமுறுத்துபவர்கள், நமக்கென்று 1989-ல் வகுக்கப்பட்ட நடத்தை விதிகளைத் திறந்து பார்க்கட்டும். சுற்றுச்சூழலின் தரத்துக்கும் சமூகத்தின் எதிர்கால நலனுக்கும் நாம் ஆற்ற வேண்டிய பொறுப்போடு நம் தொழில் முரண்படக் கூடாது என்று அதில் எழுதியிருக்கிறது. பதிவு செய்துகொண்ட நாம் எல்லோரும் அந்த விதிகளுக்குக் கட்டுப்பட்டவர்கள்.

இதைப் படிக்கும் கட்டடக் கலைஞர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வார்டின் பகுதி சபை அடுத்து எப்போது கூடுகிறது என்று விசாரித்துப் போய் உட்காருங்கள். முதல் கூட்டத்தில் பேச வேண்டாம், கேளுங்கள். உங்கள் ஊரில் வகைப்பாடு மாற்ற அறிவிப்பு ஏதாவது கண்ணில் பட்டால் படம் எடுத்துக் கீழே பின்னூட்டத்தில் போடுங்கள். சர்வே எண்ணை வைத்து இடத்தைக் கண்டுபிடிக்கவும், ஆட்சேபனைக் கடிதத்தைத் தமிழில் எழுதவும் எங்களில் சிலர் தயாராக இருக்கிறோம். கட்டணம் கிடையாது. கடிதத்தில் உங்கள் பெயர் வேண்டாம் என்றால் எங்கள் பெயரில் அனுப்புகிறோம்.