போனுக்குள்ளே ஆடுகிற சிலிக்கன்
நுண்ணுணரி, அதாவது அசைவு போன்றவற்றை உணர்கிற மிகச் சின்னச் சில்லு, அதன் முன்னோடி கேர்ட் பீற்றர்சனுக்கு 2019இல் ஐ.ஈ.ஈ.ஈ. என்ற மின்பொறியியலாளர் சங்கம் கௌரவப் பதக்கம் கொடுத்ததைப் பற்றி உங்கள் கட்டுரையில் எழுதியது நல்லது, ஆனால் அவருடைய வேலையை இரண்டு வரியில் முடித்துவிட்டீர்களே. கல்முனையில் போன் திருத்துகிற எனக்கு அது தினமும் கண்ணில் படுகிற சாமான். போன கிழமை ஒரு மீன்பிடிக்கிற அண்ணன் வாவிக்குள் விழுந்த போனைக் கொண்டுவந்தார், எல்லாம் சரி, போனைச் சரித்தால் திரை மட்டும் அதோடு திரும்பவில்லை. திறந்து பார்த்தால் அரிசிமணியைவிடச் சின்னக் கறுப்புச் சதுரம், அதுதான் அந்த நுண்ணுணரி, அதன் ஓரத்தில் உப்புப் பூத்திருந்தது. அதற்குள்ளே சீப்புப் பல் மாதிரிச் செதுக்கிய சிலிக்கன் துண்டு மெல்லிய வில்லில் தொங்குகிறது. போனைச் சரித்தால் அது கொஞ்சம் அசையும், பற்களுக்கிடையே மின்கொள்ளளவம், அதாவது மின்னைத் தேக்கிவைக்கும் அளவு, மாறும், அதை வைத்துத்தான் போனுக்குச் சரிவு தெரியும். சிலிக்கன் மின்சுற்றுக்கு மட்டுமல்ல, அசையும் பாகங்கள் செய்யவும் உகந்த பொருள் என்று பீற்றர்சன் ஐபிஎம் கணினி நிறுவனத்தில் இருந்தபோது 1982இல் எழுதிய ஆய்வுக் கட்டுரையை நீங்கள் சொல்லவே இல்லை. அப்புறம் அவர் சேர்ந்து தொடங்கிய செபீட் நிறுவனத்தின் இயந்திரம் சளியில் காசநோய்க் கிருமியை இரண்டு மணித்தியாலத்துக்குள் காட்டிவிடும், அதையும் விட்டுவிட்டீர்கள்.

அல்கஹோல் போட்டுத் துடைத்ததும் திரை திரும்பியது. "திரும்பாட்டியும் பேச ஏலுந்தானே தம்பி" என்றார் அண்ணன்.