பில்லி மில்ஸின் கதையைப் பாதியில் நிறுத்தாதீர்கள்

1964 டோக்கியோ ஒலிம்பிக், 10,000 மீட்டர் ஓட்டம். அந்தக் கடைசிச் சுற்றின் வீடியோவை எத்தனை தடவை பார்த்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. உலக சாதனையாளர் ரான் கிளார்க் முன்னால் போக வழியில்லாமல் பக்கத்தில் ஓடும் பில்லி மில்ஸை ஒரு தள்ளு தள்ளுகிறார். மில்ஸ் தடுமாறி வெளித்தடத்துக்குப் போகிறார். அந்த இடைவெளியில் துனீசியாவின் முகமது கம்மூதி இருவரையும் விலக்கிக்கொண்டு பாய்கிறார். மில்ஸ் மூன்றாவது. அவ்வளவுதான், முடிந்தது என்று தோன்றும். கடைசி நேர்கோட்டில், ஒரு சுற்று பின்தங்கிய ஓட்டக்காரர்களைத் தாண்டி, வெளிப்பக்கமாக அந்த மனிதர் வருகிறார் பாருங்கள், எனக்கு இன்றும் உடம்பு சிலிர்க்கும்.

28 நிமிடம் 24.4 விநாடி. அவருடைய முந்தைய சிறந்த நேரத்தைவிட ஏறக்குறைய 46 விநாடி குறைவு. ஆண்களுக்கான இந்த ஓட்டத்தில் ஒலிம்பிக் தங்கம் வென்ற ஒரே அமெரிக்கர் இன்றுவரை அவர்தான்.

அதன்பின் பல பத்தாண்டுகளாக அவர் தன்னம்பிக்கைப் பேச்சாளர். அவர் கதையை எடுத்து மற்றவர்களும் மேடையில் சொல்கிறார்கள். "நம்பினார், ஜெயித்தார்" என்று இரண்டே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு வருத்தமே இதுதான்.

மில்ஸ் சொல்லும் கதை டோக்கியோவில் தொடங்குவதில்லை. அமெரிக்காவின் தெற்கு டகோட்டா மாநிலத்தில், பைன் ரிட்ஜில், ஓக்லாலா லகோட்டா பழங்குடியில் பிறந்தவர். சின்ன வயதில் அம்மா இறந்துபோனார், 12 வயதில் அப்பாவும். அப்புறம் கன்சாஸ் பல்கலைக்கழகம். தேசிய அளவில் தேர்வான ஓட்டக்காரர்களை வரிசையாக நிற்கவைத்துப் படமெடுக்கும்போது, மில்ஸை மட்டும் விலகி நிற்கச் சொன்னார்கள். நிறம்தான் காரணம். அதே வரிசையில் நிற்க அவரும் ஓடித்தானே வந்தார்! அன்று உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வரை போனதையும், இறந்துபோன அப்பாவின் குரல் தன்னைத் தடுத்ததுபோல் உணர்ந்ததையும் அவர் ஒளிக்காமல் சொல்கிறார்.

இதை விட்டுவிட்டுத் தங்கத்தை மட்டும் சொன்னால், கேட்கிற பிள்ளைக்கு என்ன போய்ச் சேரும்? உன் கஷ்டமெல்லாம் உன் நம்பிக்கைக் குறைவால் வந்தது என்றுதான் போய்ச் சேரும். அது பெரிய அநியாயம். அந்தப் படத்திலிருந்து விலக்கியது மில்ஸின் தவறு இல்லை. விலக்கியவர்களின் தவறு. எத்தனை நம்பிக்கைப் பேச்சு பேசினாலும் அதை மறைக்கக் கூடாது.

இன்னொன்றையும் யாரும் சொல்வதில்லை. அதே ஒலிம்பிக்கில், தங்கம் வாங்கிய ஒரே வாரத்தில் அவர் மாரத்தானும் ஓடினார். 14ஆவது இடம். எனக்கு இதுவும் பிடிக்கும். ஜெயித்த கையோடு இன்னொரு 42 கிலோமீட்டருக்குப் போய் நின்றவர் அவர்.

பேச்சோடு அவர் நின்றுவிடவும் இல்லை. 1986இல் அமெரிக்கப் பழங்குடிப் பிள்ளைகளுக்காக 'ரன்னிங் ஸ்ட்ராங்' அமைப்பைத் தொடங்க முன்னின்றார். குடிநீர், உணவு என்று அடிப்படைத் தேவைகளில் இறங்கி வேலை செய்கிறது அது. தங்கம் வென்ற 50ஆம் ஆண்டையொட்டி, பழங்குடி இளைஞர்களின் கனவுத் திட்டங்களுக்கு உதவித்தொகை தரவும் தொடங்கினார்கள். தொடங்கியபோது ஒருவருக்கு 10,000 டாலர். மீட்டருக்கு ஒரு டாலர்.