மனச்சோர்வுக்கு லயத்தில் பெயர் 'யோசனை'
இலங்கையில் மனச்சோர்வுக்கும் கடன், தனிமை, பெண்ணாக இருப்பது போன்றவற்றுக்கும் தொடர்புண்டு என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. சரிதான். ஆனால் எங்கள் நுவரெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில், தொழிலாளர் வரிசை வீடான லயத்தின் காம்பராவில் தனிமைக்கே இடமில்லை; பத்துக்குப் பன்னிரண்டு அடியில் 6 பேர். அழக்கூட மறைவு கிடையாது! மகள் சவூதிக்குப் போன பிறகு என் பெரியம்மா கொழுந்தெடுக்கப் போகாமல் சுவரைப் பார்த்தே உட்கார்ந்திருந்தார். "யோசனை கூடிருச்சு" என்று உடுக்கடித்துக் குறி சொல்லும் கோடாங்கியைக் கூட்டி வந்தார்கள். உடுக்குச் சத்தம்தான் மிச்சம். கிளினிக் போக பஸ் ஏறினால் ஒருநாள் பேர், அதாவது அன்றைய சம்பளம், போய்விடும்; இதையும் காரணங்களில் சேர்க்க வேண்டும். 1926 என்ற மனநல உதவி இலக்கத்தில் தமிழிலும் பேசலாம். ஆனால் காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்களத்தில் யாரும் அதைச் சொல்லிக் கேட்டதில்லை. இப்போது பெரியம்மா மாத்திரை எடுத்துக்கொண்டு மறுபடி மலைக்குக் கொழுந்தெடுக்கப் போகிறார், அரைநாள் சம்பளமான அரைப்பேருக்குத்தான்.