சிவப்புத் தரையும் எங்கள் வீட்டுச் சண்டைகளும்

பழைய வீட்டைப் புதுப்பிக்கப் போகிறேன் என்று யாராவது சொன்னால், எவ்வளவு ஆகும் என்று நான் இப்போது கேட்பதில்லை. "வேலை நடக்கும்போது எங்க இருக்கப் போறீங்க?" என்றுதான் கேட்கிறேன்.

திருச்சியில் அப்பா 1984-ல் கட்டிய வீடு. பாத்ரூம் ஒழுகல், சமையல் மேடை, ஒயரிங், ஹாலுக்கு டைல்ஸ். பொங்கல் முடிந்ததும் ஆரம்பித்தோம். மேஸ்திரி அறுபது நாள் என்றார். ஆடி பிறக்க இரண்டு நாள் இருக்கும்போதுதான் கடைசி மணல் குவியல் வாசலை விட்டுப் போனது. வாடகை மிச்சம் என்று அதே வீட்டிலேயே இருந்தோம். மிச்சம் பிடித்த ஆறு மாதமும் நானும் மனைவியும் சண்டை போட்டோம்.

பெரிய விஷயத்துக்கெல்லாம் இல்லை. டைல்ஸ் இடுக்கில் வெள்ளையா சாம்பலா, ஸ்விட்ச் பாக்ஸ் எத்தனை அடி உயரத்தில், இதற்குத்தான். பல் தேய்ப்பதற்குள் மூன்று பேர் வந்து மூன்று கேள்வி கேட்பார்கள். ஒருநாள் பிளம்பர், தண்ணீர் போகும் ஜாலி எந்த மூலையில் என்று கேட்டதற்கு எரிந்து விழுந்தேன். அவர் பாவம், பைப்பைக் கீழே வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். ஃபிரிட்ஜ் படுக்கையறையில், அரிசி டிரம் கட்டிலுக்கடியில், ரசப்பொடி டப்பா மேல்கூட விரலால் பெயர் எழுதலாம், அவ்வளவு சிமெண்ட் தூசு. கோபித்துக்கொண்டு எழுந்துபோகக்கூட அந்த வீட்டில் ஒரு அறை இல்லை. அதுதான் பிரச்சினை என்று பிடிபட மூன்று மாதம் ஆனது.

அப்புறம்தான் மாடி அறையை ஒழித்துச் சுத்தம் செய்தோம். கதவிடுக்கில் ஈரத்துண்டு. உள்ளே மேஸ்திரி பேச்சே எடுக்கக்கூடாது. மேஸ்திரியிடம் பேசுவது மனைவி மட்டும், நான் வாயைத் திறக்கக்கூடாது. என்னைக் கேட்டால் இந்த இரண்டையும் அட்வான்ஸ் கொடுக்கும் நாளிலேயே செய்திருக்க வேண்டும்.

"நாளைக்கு வந்துடறேன் சார்" என்ற ஒரு வாக்கியம் போதும், ரத்தக்கொதிப்பு ஏற. நம் மேஸ்திரிகள் ஒரே நேரத்தில் மூன்று இடத்தில் வேலை எடுத்திருப்பார்கள், அதைச் சொல்ல மாட்டார்கள். சித்திரையில் சமயபுரம் தேர் என்றால் ஆளே கிடைக்காது. ஆனால் ஒன்று, ஆள் வராத நாளெல்லாம் வேலை நின்ற நாள் என்று நான் நினைத்தது தப்பு. புதுப்பூச்சுக்கு ஒரு வாரமாவது தண்ணீர் விட வேண்டும். பாத்ரூமில் வாட்டர்ப்ரூஃப் பூசியபின் தண்ணீர் கட்டிவைத்துக் கசிவு பார்க்க வேண்டும். 48 மணி நேரம் என்றதும், ஒரு ராத்திரி போதாதா என்று குதித்தேன். வேலையை ஆரம்பித்ததே அந்த ஒழுகலால்தான்! மனைவி விடவில்லை. இரண்டாம் நாள் சாயங்காலம் கீழே சீலிங்கில் ரூபாய் அகலத்துக்கு ஈரம் தெரிந்தது.

அம்மா மட்டும் யாரோடும் சண்டை போடவில்லை. அதை நாங்கள் சம்மதம் என்று எடுத்துக்கொண்டோம். ஹாலில் சிவப்பு ஆக்சைடு தரை. நாற்பது வருஷம் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்துத் துடைத்து, ட்யூப் லைட் அப்படியே தெரியும் அதில். அதை உடைக்க பிரேக்கர் மெஷின் வந்த அன்று காலை முறத்தில் மொச்சையை எடுத்துக்கொண்டு கேட்டுக்கு வெளியே போய் உட்கார்ந்தாள். உரித்து முடித்தும் உள்ளே வரவில்லை. எஸ்டிமேட் போட்டபோது சிமெண்ட் மூட்டைக் கணக்கை நாலு பேரிடம் விசாரித்தேன். அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மதியம் பூஜை அறைப்பக்கம் மெஷின் திரும்பியபோதுதான் எழுந்து வந்தாள். "தம்பி, இந்த நாலடியை விட்டுடுங்களேன்." என்னிடம் இல்லை, மேஸ்திரியிடம். மட்டம் சரியாக வராது என்று நான் ஆரம்பிப்பதற்குள் அவர் ஸ்விட்சை அணைத்துவிட்டார். "விடுங்க சார், எங்கம்மாவும் இப்படித்தான்."

மட்டம் சரியாக வரவில்லைதான். டைல்ஸ் அரை அங்குலம் தூக்கி நிற்கிறது. வருகிறவர்கள் எல்லாரும் அங்கே இடித்துக்கொள்கிறார்கள். அம்மா உள்ளேயிருந்து, "பார்த்து வாங்க, அது பழைய தரை" என்கிறாள்.